சதுரங்கப்பட்டினத்து மணலில் இலவங்கப்பட்டை விளையுமா?

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சுமார் பதினைந்து கிலோ மீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம் வரும். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு பழைய செங்கல் கோட்டை நிற்கிறது. டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அது. செங்கல்பட்டுச் சீமையில் நெய்த மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றுவது அவர்களது வியாபாரம்.

அதே டச்சுக் கம்பெனிதான் 1656இல் கொழும்பைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. அதற்கு முக்கியக் காரணம் இலவங்கப்பட்டை. இலங்கைத் தமிழர் இதைக் கறுவா என்பார்கள். காட்டில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்தே முதலில் பட்டை உரித்தார்கள். 1770 வாக்கில் கொழும்பு மருதானையில் தோட்டமாகவே பயிரிடத் தொடங்கினார்கள். மரத்தைச் சேதப்படுத்தியவருக்கு மரண தண்டனை வரை விதித்ததாக வரலாறு கூறுகிறது. பட்டை உரிக்கும் தொழில் செய்த சலாகம சமூகத்தாரிடையே, தங்கள் முன்னோர் சோழமண்டலக் கரையிலிருந்து போன நெசவாளர்கள் என்ற மரபும் உண்டு.

இலங்கையில் பெயர் பெற்ற பட்டை, நீர்கொழும்பு வட்டாரத்தின் வெண்மணலில் விளைவது. இதைக் கேள்விப்பட்ட கடற்கரை விவசாயிகளுக்கு ஓர் ஆசை எழுவது இயல்பே. கடலுக்கு அந்தப் பக்கத்து மணலில் விளைவது இந்தப் பக்கத்து மணலில் விளையாதா? பட்டை விற்றால் ஒரு காசு, தைலம் வடித்தால் பத்துக் காசு என்கிறார்களே, அது மெய்தானா? அந்தத் தைலம் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

கையிலுள்ள பணத்தைக் கன்றில் போடுமுன் இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே மரம், மூன்று தைலம்

இலவங்க மரத்தில் ஒரு விந்தை உண்டு. பட்டை, இலை, வேர்ப்பட்டை மூன்றையும் தனித்தனியே வாலையிலிட்டு வடித்தால் மூன்று வேறு தைலங்கள் கிடைக்கும். மரம் ஒன்றானாலும் சரக்கு மூன்று.

பட்டைத் தைலத்தில் பெரும்பகுதி சின்னமால்டிஹைடு என்ற பொருள். நல்ல தைலத்தில் இது நூற்றுக்கு 50 முதல் 75 பங்கு வரை இருக்கும். பட்டையை வாயில் போட்டால் தெரியும் இனிப்பும் காரமும் கலந்த சுவை இதனுடையதே. 1834இல் தூமா, பெலிகோ என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதைத் தைலத்திலிருந்து தனியே பிரித்தெடுத்தார்கள்.

இலைத் தைலம் இதற்கு நேர் மாறானது. இதில் 70 முதல் 85 பங்கு வரை யூஜினால். கிராம்புத் தைலத்தில் இருப்பதும் இந்த யூஜினால்தான். ஆகவே இலவங்க இலையைக் கசக்கி முகர்ந்தால் பட்டை வாசனையைவிடக் கிராம்பு வாசனையே தூக்கலாக வரும். வேர்ப்பட்டைத் தைலத்திலோ பெரும்பகுதி கற்பூரம்.

பட்டைத் தைலம் விலை கூடியது. இலைத் தைலம் அதைவிடப் பல மடங்கு மலிவு. சீட்டில் வெறுமனே 'இலவங்கத் தைலம்' என்று எழுதியிருந்தால் அது எது என்று கேட்டு வாங்க வேண்டும். இலைத் தைலத்தைப் பட்டைத் தைல விலைக்கு வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

இரண்டு தைலமும் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானவை. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் துளி விட்டால் அடியில் போய்த் தங்கும். எலுமிச்சைப் புல் தைலம் மிதப்பது போல் இவை மிதப்பதில்லை. கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கலந்த சரக்கானால், தாளில் விட்ட துளி பல நாள் சென்றும் எண்ணெய்ப் பிசுக்காகவே நிற்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆலையில் செயற்கையாகச் செய்த சின்னமால்டிஹைடும் தண்ணீரில் மூழ்கும். அதே வாசனைதான் வீசும். அந்தக் கலப்பை ஆய்வுக்கூடம்தான் காட்டிக்கொடுக்கும்.

சுருள் பட்டையும் முரட்டுப் பட்டையும்

மளிகைக் கடைகளில் 'பட்டை' என்று விற்பதெல்லாம் இலவங்கப்பட்டை அல்ல. சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வருவது காசியா என்னும் வேறு மரத்தின் பட்டை. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இரண்டுக்கும் தனித்தனித் தரம் வகுத்திருக்கிறார்கள்.

கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். அசல் பட்டை மெல்லியது; காகிதத்தைப் பல அடுக்காகச் சுருட்டியது போல் இருக்கும். இளம் பழுப்பு நிறம். கையால் நொறுக்கினால் நொறுங்கும். காசியா தடித்தது, ஒரே அடுக்கு, கருஞ்சிவப்பு நிறம். உடைக்கச் சற்றுப் பலம் வேண்டும். அம்மியில் வைத்தால் இரண்டின் வேற்றுமையும் வீட்டுப் பெண்களுக்கு உடனே தெரியும்.

இந்த வேற்றுமை விலையோடு நிற்பதில்லை. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது அளவு மீறினால் சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லி கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 6 மில்லி கிராம் ஆகிறது. காசியாத் தூளில் கிலோவுக்குச் சுமார் 3 கிராம் கூமரின் இருப்பதாகக் கொண்டால், நாள்தோறும் 2 கிராம் தூள் சாப்பிட்டாலே வரம்பு நிறைந்துவிடும். குழம்பிலும் பிரியாணியிலும் எப்போதாவது ஒரு துண்டு போடுவதற்குப் பயமே வேண்டாம். மருந்து என்று எண்ணித் தினமும் கரண்டி கரண்டியாக விழுங்குவதுதான் ஆபத்து. அசல் இலவங்கப்பட்டையில் கூமரின் மிக மிகச் சொற்பம்.

சர்க்கரை நோய்க்கு மருந்தா?

பட்டை சர்க்கரை நோயைக் குறைக்கும் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருக்கிறது. இதற்கு ஓர் அடிப்படை உண்டு. பாகிஸ்தானில் 60 நோயாளிகளில் பாதிப் பேருக்கு 40 நாள் பட்டைத் தூள் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 1, 3, 6 கிராம் என்று மூன்று அளவு. சர்க்கரை குறைந்ததாக 2003இல் முடிவு வெளியிட்டார்கள். அதில் கொடுத்தது காசியாத் தூள், தைலம் அல்ல.

பின்னர் பல நாடுகளில் செய்த சோதனைகளில் சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. 577 நோயாளிகள் பங்கு கொண்ட 10 சோதனைகளை ஒன்றுசேர்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2012இல் அலசியது. சர்க்கரை நோய்க்குப் பட்டையைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

ஆகவே பட்டைக் கஷாயம் குடிக்கிறோம் என்று ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்துவது, கிணற்றில் நீர் இருக்கிறதென்று எண்ணி ஏரி மதகை உடைப்பது போன்றது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்படிதான் நடக்க வேண்டும்.

தைலத்துக்கு மெய்யான குணங்களும் உண்டு. சின்னமால்டிஹைடும் யூஜினாலும் பலவகைப் பாக்டீரியாக்களையும் பூஞ்சணங்களையும் அடக்குவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். பல் டாக்டர்கள் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துச் சொத்தைப் பல்லில் தற்காலிகமாக அடைக்கிறார்கள், வலியும் தணிகிறது. பற்பசை, சோப்பு, மிட்டாய் செய்வோருக்கும் இந்தத் தைலங்கள் வேண்டியிருக்கின்றன.

ஆனால் கிருமியைத் தாக்கும் அந்தக் குணமே மனிதத் தோலையும் தாக்குகிறது. சின்னமால்டிஹைடு புரதத்தோடு சட்டென்று சேரும் பொருள். கிருமியின் உடலும் புரதம்தான், நம் தோலும் புரதம்தான். தைலத்துக்கு இரண்டும் ஒன்றே. பட்டைத் தைலத்தை அப்படியே தோலில் பூசினால் எரிச்சலும் கொப்புளமும் வரும். சிலருக்கு ஒவ்வாமை நிலைத்துவிட்டு, பிறகு பட்டை கலந்த பற்பசைகூட ஒத்துக்கொள்ளாமல் போகும்.

வீட்டில் தைலம் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

பட்டைத் தைலத்தைத் தோலில் பூசுவதைத் தவிர்க்க வேண்டும். இலைத் தைலத்தை உடல்வலிக்குத் தேய்ப்பதானால் 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு அரை மில்லி, அதாவது சுமார் 10 துளிக்கு மேல் கலக்கக் கூடாது.

எந்தத் தைலத்தையும் துளிக் கணக்கில்கூட உள்ளுக்குக் குடிக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகள், சிறு குழந்தைகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர் இவர்களிடம் இதை அண்டவிடக் கூடாது.

குழந்தைகள் எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தைலத்தைக் கருநிறக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சில பிளாஸ்டிக் வகைகளை யூஜினால் அரித்துவிடும். காற்றுப் பட்டால் சின்னமால்டிஹைடு சின்னமிக் அமிலமாக மாறித் தைலத்தின் தரம் கெடும்.

மணல் ஒன்று, மழை வேறு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இலவங்க மரம் மணலை வெறுப்பதில்லை. நீர்கொழும்பே அதற்குச் சாட்சி. தண்ணீர் தேங்காத மணலும் மணல் கலந்த செம்மண்ணும் அதற்கு ஏற்றவை. களர் நிலமும் நீர் தேங்கும் களிமண்ணும் ஆகாது.

தடை மழையில்தான் இருக்கிறது. கொழும்புக் கரையில் ஆண்டுக்கு 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை. அதுவும் இரண்டு பருவமாகப் பிரிந்து பெய்வதால் நிலம் நீண்ட நாள் காய்ந்து கிடப்பதில்லை. செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லி மீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தால் ஆனி வரை வறட்சி. கத்தரி வெயிலில் மணல் சுடும்போது இளங்கன்று தாங்காது. இதனால்தான் தமிழ்நாட்டில் இலவங்கப்பட்டை கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்திலும், கீழ்ப்பழனி மலையிலும், நீலகிரிச் சரிவிலும் பயிராகிறதே தவிர இந்தக் கரையில் பயிராகவில்லை.

கடற்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது. உப்புக் காற்று நேரே அடிக்கும் முதல் வரிசை நிலத்துக்குச் சவுக்குதான் சரி. இளந்தளிர்ப் பயிர்கள் அங்கே கருகிவிடும்.

ஆகவே மானாவாரியாக ஏக்கர் கணக்கில் இலவங்கம் நடுவது இந்தக் கரையில் பணத்தை மணலில் கொட்டுவதாகும். யார் என்ன ஆசை காட்டினாலும் சவுக்கை அழித்து, தர்பூசணி போடும் நிலத்தை எடுத்து இதற்குக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் அடியோடு கூடாதா? நல்ல தண்ணீருள்ள கிணறும், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தென்னந்தோப்போ மாந்தோப்போ இருந்தால், அந்த நிழலில் பத்து மரம் வைத்துப் பார்க்கலாம். கிணற்று நீர் உவர்ப்பானால் அந்த எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். நடுமுன் மண்ணையும் நீரையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

பத்து மரம் வைப்பவருக்கு

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு நிலையம் ஒய்.சி.டி. 1 என்ற இரகத்தையும், பேச்சிப்பாறை நிலையம் பி.பி.ஐ. (சி) 1 என்ற இரகத்தையும் வெளியிட்டிருக்கின்றன. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் இரகங்கள் நவஸ்ரீ, நித்யஸ்ரீ. பெயர் தெரியாத கன்றைச் சந்தையில் வாங்குவதைவிட இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குவது மேல்.

விதையிலிருந்து வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுத்துப் பழுத்த பழத்தின் சதையைக் கழுவி, விதையை உடனே பாவ வேண்டும். காய வைத்து எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். மணல், மேல்மண், மக்கிய சாணம் கலந்த பாத்தியில் 15 முதல் 20 நாளில் முளைக்கும். ஆறு மாதக் கன்றைப் பையில் மாற்றி, ஓராண்டு ஆனதும் நடலாம். கன்றுக்குக் கன்று 3 மீட்டர் இடைவெளி. அரை மீட்டர் ஆழ அகலக் குழியில் தொழு உரமும் மேல்மண்ணும் நிரப்பி, மழை தொடங்கியதும் நட வேண்டும். முதல் இரண்டு மூன்று கோடையில் வாரம் இரு முறை தண்ணீரும், அடியில் தென்னை மட்டை அல்லது சருகு மூடாக்கும் கட்டாயம். தளிரைத் தின்னும் புழுவைச் சில மரங்களில் கையாலேயே பொறுக்கி அழித்துவிடலாம்.

மூன்றாம் ஆண்டில் மரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிட வேண்டும். மறுதாம்புக் கரும்பு போல அடியிலிருந்து பல கிளைகள் கிளம்பும். அவை ஒன்றரை, இரண்டு வயதாகி, கட்டை விரல் பருமன் வந்ததும் அறுவடை. செந்தளிர் பச்சையாக மாறும் சமயத்தில் பட்டை சுலபமாகக் கழலும். மேல்தோலைச் சுரண்டி எடுத்துப் பித்தளைத் தடியால் நன்றாகத் தேய்த்து, ஓரடி இடைவெளியில் சுற்றிலும் கீறி, நீள்வாக்கில் பிளந்து உரிக்க வேண்டும். முதலில் நிழலிலும் பிறகு இளவெயிலிலும் காய வைத்தால் தானே சுருளும். சிறு சுருளைப் பெரிய சுருளுக்குள் செருகினால் சுருள் பட்டை தயார்.

தைலம் வடித்தால் எவ்வளவு?

இரண்டாவது கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தைலம் கிடைக்கும். சில இரகங்களில் சற்றுக் கூடும். பத்து மரத்தில் 50 கிலோ இலை சேர்ந்தால் அரை கிலோ தைலம். அதற்காக வாலை, நீராவிக் கொதிகலம், குளிர்விக்கும் குழாய், ஐந்தாறு மணி நேர விறகு, ஆள் கூலி. பத்து மரக்காரருக்கு இது கட்டுபடியாகாது. இலங்கையில் பட்டைக்காக வெட்டிய கிளைகளின் இலையைத்தான் வடிக்கிறார்கள். அங்கே பட்டை முதல், தைலம் உபரி. அவர்களது பட்டைக்கு ஐரோப்பிய நாடுகள் 2022இல் புவிசார் குறியீடும் அளித்தன. அந்தப் பெயருக்குப் பின்னால் பல தலைமுறைக் கைப்பழக்கம் இருக்கிறது.

வாசனைத் தைலப் பயிரே வேண்டும் என்று நினைக்கும் கடற்கரை விவசாயி தெற்கே கடலூர்ப் பக்கம் போய் வெட்டிவேரைப் பார்த்து வரலாம். அந்தக் கரையின் மணலில் அது நன்றாக வேர் விடுகிறது. ஆனால் அதையும் வாங்குபவர் யார், விலை என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே நட வேண்டும்.

மாந்தோப்பு வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. பழ ஈயைப் பிடிக்கப் பொறிகளில் வைக்கும் மெத்தில் யூஜினால், யூஜினாலிலிருந்து ஆலையில் மாற்றிச் செய்யப்படுவது. ஆண் ஈக்கள் அதன் வாசனைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். இலைத் தைலத்தை அப்படியே பொறியில் ஊற்றினால் அந்தப் பலன் வராது. பொறிக்கென்று விற்பதையே வாங்க வேண்டும்.

பத்து மரத்துப் பட்டையில் வீட்டுச் செலவு போக மிஞ்சியதை அசல் சுருள் பட்டை என்று அக்கம்பக்கத்தில் விற்கலாம். முரட்டுப் பட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் கேட்டு வாங்குவார்கள். மூன்று கோடை தண்ணீர் ஊற்றி அந்தப் பத்து மரமும் பிழைத்து நின்றால், அதன் பிறகு இருபது மரத்தைப் பற்றி யோசிக்கலாம்.